ரைட் சொன்னால்தான் ரோஸ்ட்

குஞ்சிதம் ஹோட்டலில் தனக்கென்று ஒரு தோசை சொன்னதாக மாயவரத்தில் யாரும் சாட்சி சொல்ல முடியாது. "எனக்கு ஒண்ணும் வேணாம், ஆளுக்கு ஒரு விள்ளல் குடுத்தாப் போதும்" என்பாள். பிறகு புருஷன் தட்டில் ஒரு விள்ளல், மகள் தட்டில் ஒரு விள்ளல், மறுபடி புருஷன் தட்டில் இன்னொன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றரைத் தோசை தேறும். ஒரு தோசையை நாலு பேர் பிய்த்துக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள். முழுத் தோசை தனியாக முன்னால் வந்து உட்கார்ந்தால், எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி முழிப்பாள்.

கல்யாணமான புதிதில் கலியபெருமாள் அவளை மணிக்கூண்டுப் பக்கம் கோமதி விலாஸுக்கு அழைத்துப் போனார். அவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நெய் ரோஸ்ட் வந்த பிறகும் அவள் வலது கை மடியிலேயே இருந்தது, இடது கையில் தண்ணீர் டம்ளர். பார்த்தார். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்துவாரே, அதே குரலில், "போலாம், ரைட்!" என்றார். பக்கத்து மேசைக்காரர் பதறி எழுந்தே விட்டார். குஞ்சிதத்துக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறியது. புதுப்பெண் என்ற மரியாதை அன்றோடு காலி.

அதுவே அப்புறம் வீட்டுச் சட்டம் ஆகிவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு, கோமதி விலாஸ். அவர் ரைட் சொல்லாமல் யாரும் ரோஸ்டில் கை வைக்கக் கூடாது. மகள் மங்கை, நாற்காலியில் முட்டி போட்டால்தான் தட்டே தெரியும் என்கிற வயதில் இருந்தபோது, அவர் வேண்டுமென்றே கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் கண்ணாடியில் நிதானமாகத் தலை சீவுவார். சீவுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. "ப்பா, ரைட் சொல்லுப்பா! ஆறுதுப்பா!" என்று குழந்தை அலறும். ஒருநாள் அவர் சட்டைப் பையிலிருந்து விசிலை உருவி அவளே ஊதிவிட்டாள். தோசை மாஸ்டர் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார். அந்த விசில் சத்தம் குஞ்சிதத்தின் காதில் இன்னும் இருக்கிறது.

இந்த ஞாயிறும் அதே மேசைதான். மேலே கிரானைட் பதித்திருக்கிறார்கள், அவ்வளவே. மேசைக்கடியில் மங்கையின் பெரிய பை. காலேஜ் போதும் என்று நிறுத்திவிட்டு, ஓசூரில் செல்போன் கம்பெனி வேலைக்குப் பிள்ளை இன்றைக்கு பஸ் ஏறுகிறது. அதைச் சொன்ன நாளிலிருந்து கலியபெருமாளுக்கு அவளோடு பேச்சில்லை. சில்லறைக்காக ஊரோடு சண்டை போட்டு வாய் வலிக்கப் பேசுகிற மனுஷன், வீட்டில் சாமி படம் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் பஸ் ஏறுவதற்குள் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் குஞ்சிதம் இரண்டு பேரையும் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள்.

"உன் மகளுக்கு என்ன வேணுமாம், கேளு" என்றார் கூரையைப் பார்த்து.

"எதிர்லதானே உக்காந்துருக்கா? நீங்களே கேக்கறது."

மங்கை சப்ளையரைக் கூப்பிட்டாள். "மணவாளண்ணே, எங்கப்பாவுக்குப் பேச்சு வர்ற மாதிரி எதாச்சும் இருக்கா?"

"இஞ்சிச் சட்னி இருக்கு பாப்பா. காரத்துல ஊமையும் கத்தும்."

"அதக் கொண்டாங்க. அப்புறம் ஒரே ஒரு ஃபேமிலி ரோஸ்ட். அம்மாவுக்கு."

குஞ்சிதம் ஆடிப்போனாள். "அடியே, எனக்கு எதுக்குடி அது? ஊரே பாக்கும்டி!"

"இத்தன நாளு எங்க தட்டுல பிச்சல்ல? இன்னைக்கு நாங்க ஒன்னுதுல பிக்கறோம்."

ரோஸ்ட் வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அப்பாவின் முழங்கையில் தொடங்கி மகளின் முழங்கையில் முடிந்தது. பக்கத்து மேசைக் குழந்தை கை தட்டியது. குஞ்சிதத்துக்கு அந்தத் தோசையையே போர்த்திக்கொண்டு ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

யாரும் தொடவில்லை. அவர் மின்விசிறியைப் பார்த்தார். மங்கை கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்புடுடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ரைட் சொல்லட்டும்."

ரோஸ்ட் நடுவில் லேசாகத் தொய்ந்தது. மணவாளன் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன சார், முறுகல் பத்தலையா?"

"தோசை நல்லாத்தாண்ணே இருக்கு. கண்டக்டர்தான் இன்னும் வண்டிய எடுக்கச் சொல்லல" என்றாள் மங்கை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடைசி வார்த்தையில் மட்டும் குரல் பிசிறியது. அவள் கேட்பது தோசைக்கான ரைட் இல்லை என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

"ஏங்க" என்றாள் குஞ்சிதம். "அவ போகத்தான் போறா. ஆற வச்சுத் திங்கணுமா, சூடாத் திங்கணுமா, அத மட்டும் சொல்லுங்க."

கலியபெருமாள் எழுந்தார். வாசலுக்குப் போய்விடுவாரோ என்று அவளும் பாதி எழுந்தாள். அவர் கை கழுவுகிற இடத்துக்குப் போய், கண்ணாடி முன் நின்று, சீப்பை எடுத்தார். இப்போது சீவுவதற்கு அங்கே சுத்தமாக ஒன்றுமில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் சீவினார்.

மங்கை நாற்காலியில் முட்டி போட்டு எழுந்தாள். தடிமாடு மாதிரி வளர்ந்த பெண்.

"ப்பா, ரைட் சொல்லுப்பா! ஆறுதுப்பா!"

சீப்பு நின்றது.

"பின் சீட்டுல உக்காராத" என்றார் கண்ணாடியிடம். "தூக்கித் தூக்கிப் போடும். வயித்தப் பெரட்டும். நடுவுல, ஜன்னலோரமாப் பாத்து உக்காரு. போய் எறங்குனதும் அம்மாவுக்கு போன் பண்ணு." மூக்கை உறிஞ்சினார். "அவ பக்கத்துலதான் நானும் இருப்பேன்."

"சரிப்பா."

"போலாம், ரைட்."

அந்த ரைட்டில் சத்தமே இல்லை. இருந்தாலும் வண்டி நகர்ந்துவிட்டது. அவர் வந்து உட்கார்ந்து ஒரு முனையில் பிய்த்தார், மங்கை மறுமுனையில் பிய்த்தாள். இஞ்சிச் சட்னியை ஒரே வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்து, "என்னா காரம்!" என்றார். பழியைச் சட்னி ஏற்றுக்கொண்டது.

குஞ்சிதம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள்.

"எனக்கு ஒரு விள்ளல் குடுடி."

"ம்மா! இது ஒன் தோசைம்மா!"