இரண்டு கம்பெனி, ஒரே பற்சக்கரம்

ஜப்பானில் எங்கள் குடியிருப்பிலிருந்து காலையில் வரிசையாக ஹைபிரிட் கார்கள் கிளம்பும், சத்தமே வராது. வந்த புதிதில் ஒதுங்கத் தெரியாமல் குறுக்கே நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவரும் குனிந்தார். தப்பு யார் மேல் என்று கடைசிவரை தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த வண்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்களை வரைவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை.

பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சண்டையில்லாமல் ஒரே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அதற்கான அமைப்பை எங்கள் குழு மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கியது. அது வெளிவரும் முன்பே, கிட்டத்தட்ட அதே அமைப்போடு போட்டிக் கம்பெனி ஒரு காரைக் காட்டியது. என் மனைவியின் தம்பி முருகனுக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. ஜப்பானுக்கு அவனை வரவழைத்ததே நான்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடுவான். மேசையில் என் வரைபடங்கள் கிடக்கும்.

ஆரணியில் ஒரு கடையின் பார்டர் இன்னொரு கடைப் பட்டுப்புடவையில் வந்துவிட்டால், எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. யார் கொண்டுபோய்க் கொடுத்தது என்றுதான் கேட்பார்கள். என் அப்பா ஒரு கடைக்கு, டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டைகளில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். போட்டிக் கடைக்கு அதே வேலையைச் செய்தவர் அவருடைய மச்சான். ஒரு தீபாவளிக்கு இரண்டு கடையிலும் ஒரே அன்னப் பார்டர். "உன் கையத் தாண்டி எப்டிய்யா அங்க போவும்?" என்றார் முதலாளி. இரண்டு கடைக்காரர்களுமே ஒரே கோயில் தூணைப் பார்த்து வரைய வைத்தது பிறகு தெரிந்தது. ஆனாலும் அப்பாவை யாரும் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை.

இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மேலதிகாரி தனகா-சான், "அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் உண்டா?" என்று கேட்டதும் முருகன் பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தாமல், "என் வரைபடங்களை அவன் பார்த்திருப்பான்" என்றும் சொன்னேன். "சோ தெசு கா" என்றார். அப்படியா என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

போட்டிக் கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பித்த நாள், முருகன் ஜப்பானுக்கு விமானம் ஏறியதற்கும் முந்தியது என்று பிறகு வக்கீல்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டு கம்பெனிக்கும் ஒரே புகைக் கட்டுப்பாடு, ஒரே எரிபொருள் கவலை, கையில் இருந்ததும் பாடப்புத்தகங்களில் உள்ள அதே பழைய பற்சக்கர அமைப்பு. அவரவர் அறையில் உட்கார்ந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இரு தரப்பும் காப்புரிமைகளைப் பகிர்ந்துகொண்டு கைகுலுக்கின. ஆனால் நான் சொன்னது அதற்குள் வக்கீல் கடிதமாக அவன் கம்பெனிக்குப் போயிருந்தது. முருகனின் ஒப்பந்தத்தை மட்டும் யாரும் நீட்டிக்கவில்லை. கிளம்பும் முன் போனில் கேட்டான்: "நீங்களே என்னப் பத்தி அப்டி நெனச்சிகினு இருந்தீங்களா மாமா?"

இப்போது செய்யாரில் ஷிப்ட் வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறான். போன மாதம் ஆரணியில் அவனுக்குக் கல்யாணம். என் மனைவி அக்காவாக நின்று நாத்தனார் முடிச்சுப் போட்டாள். நான் சாப்பாட்டுக் கூடத்து ஓரமாக நின்றேன். என்னைப் பார்த்ததும் வந்து கைகூப்பினான். "சாப்ட்டு போங்க சார்" என்றான்.

விடுமுறை முடிந்ததால் அன்றே மண்டபத்திலிருந்து நான் மட்டும் முதலில் கிளம்பினேன். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்த வாடகைக் கார் ஹைபிரிட். "இதே வண்டி இன்னொரு கம்பெனி பேர்லயும் வருதுங்க. ஒட்டற பேருதான் வேற" என்றார் டிரைவர். மண்டப வாசலில் முருகன் எங்களுக்கு முதுகைக் காட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஊருக்குத் திரும்பிப் போறீங்களா சார்?" என்று கேட்டார் டிரைவர்.

ஆரணியில் பிறந்தவனிடம், ஆரணிக் கடைத்தெருவில் வைத்து.

ஆமாம் என்றேன்.