மாதா முன்னால் சொல்லாத பிரெஞ்சு

கல்லூரியில் இரண்டாம் மொழியாக நான் பிரெஞ்சு எடுத்தது பெருமைக்காக அல்ல. அதில் மதிப்பெண் சுலபமாக வரும் என்று அப்பா சொன்னார், எடுத்தேன். ராயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் அதை மறந்துவிட்டேன் என்றே நினைத்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரின் மனைவி, கொடியில் போட்ட துணியில் கரித்தூசி படியுமோ என்று ஓடி ஓடிப் பார்க்கிறவள், பிரெஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு டீச்சர் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். கணவரிடம் கேட்டுக்கொண்டுதான் போனேன். தலைமைச் சிஸ்டர் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டு. சரியாக வந்தால் வேலை உனக்கு" என்றார். பாடம், ஆம்பார்ஃபே. முன்பு வழக்கமாக நடந்ததை, நடந்துகொண்டே இருந்ததைச் சொல்லும் இறந்தகாலம்.

விதி எளிதானது. நிகழ்காலத்தில் 'நாங்கள்' என்பதற்கு வரும் வினையை எடுத்து, அதன் வாலை நறுக்கி, புது வால் ஒட்ட வேண்டும். எழுத்தில் வெவ்வேறாக இருக்கும் வால்கள் காதுக்குப் பெரும்பாலும் ஒன்றே. ஜ பார்லே, தூ பார்லே, இல் பார்லே, நூ பார்லியோன், வூ பார்லியே, இல் பார்லே. நான் பேசிக்கொண்டிருந்தேன், நீ பேசிக்கொண்டிருந்தாய். தமிழில் 'சின்ன வயதில் அங்கே போவோம், விளையாடுவோம்' என்கிறோமே, எதிர்காலம் போலச் சொல்லி இறந்தகாலத்தைக் குறிக்கிறோமே, அதை வைத்துப் பெண்களுக்குப் புரியவைக்கலாம் என்று தீர்மானித்திருந்தேன். என் பழைய புத்தகத்தில், 'விடுமுறையில் நாங்கள் கடலுக்குப் போவோம்' என்று ஒரு உதாரணம். எங்கள் தெருமுனையிலேயே கடல் இருந்தது. கருவாடு காயும் அந்தக் கரைக்கு யாரும் விடுமுறைக்கு வருவதில்லை.

அத்தையை நினைத்துத்தான் பயந்தேன். பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போவதா என்று கேட்பார். கணவர், "அம்மாகிட்ட நான் பேசிட்டேன். ஒத்துக்கிச்சு. நீ அதப்பத்தி ஒண்ணும் கேக்காத, பேஜாராயிடும்" என்றார். நான் கேட்கவில்லை.

தூளியை ஆட்டிக்கொண்டே தினமும் பகலில் சொல்லிப் பார்த்தேன். பார்லே, பார்லே என்று கேட்டாலே குழந்தைக்குக் கண் செருகும். அத்தை அடுக்களை வாசலில் வந்து நிற்பார், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு. "நிறுத்தாத கண்ணு, சொல்லு. கேக்கவே எவ்ளோ நல்லாகீது" என்பார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை அவர் கண்ணு என்றதில்லை. படித்த மருமகளின் அருமை தெரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். அவ்வளவு அசடு நான்.

அது அக்டோபர், செபமாலை மாதம். மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்து மாலையில் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்வது எங்கள் தெரு வழக்கம். நான் பாடம் நடத்த வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார். செபமாலை முடிந்து, சுண்டல் கொடுக்கலாம் என்று எழுந்தேன்.

"இருங்க, யாரும் எழுந்துக்காதீங்க" என்றார் அத்தை. "எம்மருமவ இப்போ லத்தீன்ல மன்றாட்டு சொல்லும். சிஸ்டருங்க கத்துக்குடுத்தது. தினம் கொயந்தைக்கு சொல்லுது, அதான் அதுக்கு ஒரு ஜொரம் வந்ததில்ல."

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறி அதிக காலம் ஆகவில்லை. எதிர்வீட்டுத் தாத்தா உற்சாகமாகிவிட்டார். "சொல்லுமா. சாமியாரே தமிழ்ல பூசை வைக்கிறாரு, இப்படியே போனா ஆண்டவருக்கே லத்தீன் மறந்து பூடும்." பக்கத்து வீட்டுக்காரி தன் பேரனை என் முன்னால் தள்ளினாள். "இவனுக்கு ஜொரம் வுடமாட்டேங்குதும்மா. தலையில கைய வச்சு ஒரு வாட்டி சொல்லேன்."

பையனின் நெற்றி கொதித்தது. நான் கணவரைப் பார்த்தேன். அவர் மெழுகுவர்த்தியின் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்போதுதான் புரிந்தது, அத்தையிடம் அவர் என்ன பேசியிருக்கிறார் என்று. என் பிரெஞ்சுப் பாடத்தை லத்தீன் செபம் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

"அத்தை, அது செபம் இல்லை" என்றேன். "பிரெஞ்சுப் பாடம். நான் பேசிக்கிட்டிருந்தேன், நீ பேசிக்கிட்டிருந்தே, அவ்வளவுதான் அர்த்தம். நாளைக்கு ஸ்கூல்ல நடத்திக் காட்டணும்."

பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் சிரித்தாள். "ஐயே, இதுக்கா இத்தினி நாளா முக்காடு போட்டுகினு நின்னே?" எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மகனிடம் திரும்பினார். "டேய், நீதான லத்தீன்னு சொன்னே?"

"அவ ஏதோ சொல்லிகினு இருந்தா. எனக்கின்னாம்மா தெரியும்?" என்றார் என் கணவர்.

விடிந்ததும் அத்தை பையைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூரில் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். "டீச்சரம்மா வூட்டுல எனக்கு இன்னா வேலை?" கணவர் அதற்கு முன்பே ஷிஃப்டுக்குப் போய்விட்டிருந்தார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடலாம் என்று கதவைத் தட்டினேன். "எம்பேரன் தலையில கைய வைக்க மாட்டேன்னியே" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பேரன் அவள் பின்னால் நின்று பன் தின்றுகொண்டிருந்தான். ஜுரம் தானாகவே விட்டிருந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போனேன். தலைமைச் சிஸ்டர் கோபப்படவில்லை. "ஒரு நாள் பார்த்துக்கொள்ளவே ஆளில்லை என்றால் தினமும் எப்படி வருவாய், அம்மா?" என்றார். வகுப்பறை வாசலைக்கூட நான் பார்க்கவில்லை. அந்த வேலை பிறகு வேப்பேரியிலிருந்து வந்த, கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்குப் போனது.

இப்போதும் யோசிப்பேன். மாதாவுக்குத் தெரியாத மொழியா, சொல்லிவிட்டிருக்கலாமே என்று ஒரு மனம். ஜுரத்தில் கிடக்கும் பிள்ளையின் தலையில் கை வைத்து வினைச்சொல்லை ஒப்பித்து ஏமாற்றுவதா என்று இன்னொரு மனம். பொய் சொன்னவர் எப்போதும் போல ஷிஃப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னவளைத்தான் தெருவே டீச்சரம்மா என்று கூப்பிட்டுச் சிரித்தது.

சில நாளில் அத்தை திரும்பி வந்தார், என்னிடம் பேசவில்லை. நான் பாடம் சொல்வதை நிறுத்தியிருந்தேன். குழந்தை பகலில் தூங்காமல் அழுதது. ஒரு மதியம் குழாயடியிலிருந்து குடத்தோடு நுழைந்தபோது உள்ளே குரல் கேட்டது. அத்தை முக்காடு போட்டுக்கொண்டு தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். "பார்லே, பார்லே, பார்லே, பார்லியோன், பார்லியே, பார்லே."

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னா பாக்கறே? அர்த்தம் தெரிஞ்சி நீ இன்னாத்த கிழிச்சே? கொயந்த தூங்குது பாரு."

குழந்தை தூங்கித்தான் போயிருந்தது. அத்தை சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.