மருந்துக்குப் பின் ஒரு கேள்வி

காய்ச்சலைத் தடுக்கும் கொய்னாத் தண்ணீரைக் குடித்தவர் உடனே வாயைத் திறந்து பேச வேண்டும். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியின் வழக்கம் அது. மழைக்காலம் முழுவதும் தொழிலாளர் லயங்களில் காய்ச்சல் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், பால் வெட்டப் போகுமுன், ஆளுக்கு ஓர் அவுன்ஸ் ஊற்றுவோம். கசப்பு தாங்காமல் பலர் அதை வாயிலேயே அடக்கிக்கொண்டு போய்த் துப்பிவிடுவார்கள். வாய் நிறைய மருந்தோடு பேச முடியாது. ஆகவே ஊற்றியதும் ஒரு கேள்வி கேட்பேன்.

ஈப்போவில் இரண்டு வருடம் நர்ஸ் வேலை பயின்று திரும்பியபோது, கற்றதெல்லாம் என் நோட்டுப் புத்தகத்தில் எண் போட்டு இருந்தது. அளவுக் குவளையைக் கண்மட்டத்தில் பிடிப்பது, மண்ணீரல் வீக்கத்தை விரலால் அளப்பது, குளிர் வரும் நேரத்தைக் குறிப்பது. கேள்வி கேட்பது அதில் இல்லை. அதைத் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் ஐயாவிடம் கற்றுக்கொண்டேன்.

"என்ன கொழம்பு அக்கா?"

"நேத்து வச்சது. உங்க கொய்னாவுக்கு அது எவ்வளவோ தேவலாம் நர்சம்மா."

"இவகிட்ட கேக்காதீங்க லா," என்பாள் பின்னால் நிற்பவள். "வாயத் தொறந்தா மூட மாட்டா. நாங்க மரத்துக்குப் போவணும்."

என் கூடப்பிறந்த அக்காவிடம் மட்டும் நான் கேட்டதில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் படிக்க வேண்டுமென்று பன்னிரண்டு வயதிலிருந்து பால்வாளி தூக்கியவள். அவளை எல்லார் முன்னாலும் நிறுத்திச் சோதிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஊற்றுவேன், தலையசைப்பேன். அவளும் தலையசைத்துவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு வேகமாகப் போவாள். அந்த வேகத்தை நான் பார்க்காமல் இல்லை.

அவளுக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவு கொஞ்சம் தெளிந்தபோது அக்கா சொன்னாள்: "நான் குடிக்கவே இல்லடி. கொய்னா சூடு, புள்ள தங்காதுன்னாங்க." கல்யாணமாகி நான்கு வருடமாக அவளுக்குக் குழந்தை இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?"

"நீ எங்கிட்ட கேள்வி கேக்க மாட்டேன்னு தெரியும்."

அம்மா அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடியும் தேய்த்தாள். மறுநாள் மதியம் அக்கா இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்ததும் நான் அம்மாவோடு லயத்தில் போய்த் தங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவளைக் கவனித்தேன். சோறு, இரண்டு கை. தூக்கம், விட்டுவிட்டு. கண், மஞ்சள் இல்லை. பேச்சு, இல்லை. அண்டை வீட்டுக்காரர்களிடம் ஓரிரு சொல் பேசினாள். என்னிடம் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு வந்தாள். ஊற்றினேன். கேள்வி கேட்க எனக்குத் துணிவில்லை. வாயில் வாங்கிக்கொண்டு போனாள். கோபத்தில்தான் பேசாமல் போகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது நாள் அவள் பின்னாலேயே போனேன். முதல் மரத்தடியிலேயே துப்பினாள். துப்பிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மண்ணீரல் ஏற்கெனவே வீங்கி நான்கு விரல் இறங்கியிருந்தது. இன்னொரு காய்ச்சலை அந்த உடம்பு தாங்காது. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது அந்த மரத்தடியில் நின்றபோதுதான் புரிந்தது.

மறுநாள் காலை அவள் முறை வந்தது. ஊற்றினேன். அவள் நகரப் பார்த்தாள். குறுக்கே நின்றேன்.

"என்ன கொழம்பும்மா?"

எங்கள் வீட்டில் அக்கா போனதிலிருந்து குழம்பு வைக்கவில்லை. வரிசையில் நின்ற எல்லாருக்கும் அது தெரியும். அம்மா என்னைப் பார்த்தபடி நின்றாள். கன்னம் உப்பியிருந்தது.

"என்னாச்சு அங்க? வரிச நகரல," என்றார் கங்காணி.

"என்ன கொழம்பும்மா?"

அவள் தொண்டை ஏறி இறங்கியது. கசப்பில் முகம் சுருங்கியது.

"அவகிட்ட இதக் கேட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாடி."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. வாயில் மருந்து இல்லை. நான் வழியை விட்டேன். அம்மா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்துக்குப் போனாள். அடுத்தவளுக்கு ஊற்றும்போது அளவு தவறிவிட்டது. கூடுதலாக விழுந்ததைத் திரும்ப ஊற்றிவிட்டு, குவளையைக் கண்மட்டத்தில் பிடித்துச் சரிபார்த்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. தினமும் அம்மாவிடம் கேட்கிறேன். சில நாள் முருங்கைக்கீரை என்கிறாள், சில நாள் கருவாடு. சில நாள் அன்று சொன்னதையே சொல்கிறாள். முழுவதும் கேட்டுக்கொண்டுதான் அடுத்தவளைக் கூப்பிடுகிறேன்.