கட்சி: இல்லை

தம்பி என்னைவிட மூன்று கிழமை பிந்திப் படகேறினான். அந்த மூன்று கிழமைக்குள், படகில் வருபவர்களை உள்ளே விடுவதில்லை என்று இங்கே ஆஸ்திரேலியாவில் சட்டம் மாறிவிட்டது. நான் சிட்னிக்கு வந்தேன். அவனைத் தீவு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அங்கிருந்து அமெரிக்கா அவனை எடுத்துக்கொண்டது. இன்று அவன் அந்த நாட்டுக் குடிமகன். நான் இன்னும் தற்காலிக விசாவில், பரமட்டாவில் அலுவலகங்கள் துடைக்கிறேன். யாருக்கு அதிர்ஷ்டம் என்று பேசிப் பேசி அலுத்து, அந்தக் கேள்வியையே விட்டுவிட்டோம்.

குடியுரிமை கிடைத்த கிழமை, வாக்காளராகப் பதியும் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அழைத்தான்.

"அண்ணை, எந்தக் கட்சி எண்டு கேக்குது. என்ன போடுறது?"

படிவம் நிரப்புவதில் எங்கள் குடும்பத்தில் நான்தான் விண்ணன். இத்தனை வருடமாக வேறு என்ன செய்தேன்? கட்சியில் இருந்தாயா, இயக்கத்தில் இருந்தாயா என்று கேட்கும் படிவங்களுக்கெல்லாம் இல்லை, இல்லை என்று எழுதிய கை இது. ஊரிலும் அப்படித்தான். பெயர் ஒரு பட்டியலில் ஏறினால், என்றைக்காவது யாராவது அதைக் கையில் வைத்துக்கொண்டு படலையைத் தட்டுவார்கள்.

"ஒண்டும் போடாதை. கட்சி இல்லை எண்டு எழுது," என்றேன்.

"ஓம் அண்ணை."

அங்கே அவன் வேலை செய்த தொழிற்சாலையின் இயந்திரத்தில் விரல் நசுங்கியபோது முதலாளி கைவிரித்துவிட்டார். அவனுக்காகப் பேசியவர் ஒரு பெண் வழக்கறிஞர். அவர் இப்போது தேர்தலில் நின்றார். ஊரில் போர், பிறகு முகாம் என்று தம்பி எங்கேயும் வாக்குப் போட்டதில்லை. முதல் வாக்கு அவருக்குத்தான் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தேர்தல் நாளில் அங்கே மாலை, எனக்குக் காலை. பரமட்டா ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நின்றபோது அழைத்தான்.

"என்னை விடேல்லை அண்ணை. இது கட்சிக்குள்ள நடக்கிற தேர்தலாம். கட்சியிலை பதிஞ்ச ஆக்களுக்கு மட்டும்தானாம்."

"நவம்பரிலை வாற பொதுத் தேர்தலிலை போடலாம்தானே?"

"நவம்பரிலை அவ நிண்டால்தானே."

பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன். அவனுடைய தொகுதியில் எப்போதும் ஒரே கட்சிதான் வெல்லும். அதனால் கட்சிக்குள் வெல்பவருக்கே பதவி. நவம்பர் வெறும் சடங்கு. அங்கே சனங்கள் கட்சியின் பெயரைப் படிவத்தில் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறார்கள், யாரும் படலையைத் தட்டுவதில்லை. இங்கே வேட்பாளரைக் கட்சிக்காரர்களே தெரிவுசெய்து நிறுத்திவிடுகிறார்கள், வாக்குப் போடப் போகாவிட்டால் அபராதம். எனக்கு அந்த அபராதம் கட்டும் தகுதிகூடக் கிடையாது. அமெரிக்காவில் இருப்பவனுக்குப் புத்தி சொல்லப் போனேன்.

அந்த வழக்கறிஞர் தோற்றுப்போனார். தம்பி அழைத்துச் சொன்னபோது, ஒரு வாக்கில் எதுவும் மாறியிருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றேன்.

"பரவாயில்லை. படிவத்தைத் திருப்பி நிரப்பிக் குடுத்திட்டன்."

"கட்சி என்ன போட்டனி?"



"இனிப் படிவத்துக்கு உங்களைக் கேக்கமாட்டன் அண்ணை," என்றான். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கிழமையே என் விசாவைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. கட்சியிலோ இயக்கத்திலோ இருந்தாயா என்று அதிலும் கேட்டிருந்தார்கள். வாசித்து முடிக்கும் முன்பே என் கை இல்லை என்று எழுதிவிட்டது.