ஓடும் கம்ப்யூட்டரில் மாட்யூல் கழற்றுகிறவன்

ஓடுகிற கம்ப்யூட்டரை நிறுத்தாமலே அதன் கெர்னலுக்குள், அதாவது நடுமூளைக்குள், மாட்யூல் என்கிற மென்பொருள் துண்டுகளை மாட்டுவதும் கழற்றுவதும்தான் என் பிழைப்பு. யாரும் சொல்லித்தரவில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். கீரனூர் வீட்டிலிருந்தே ராத்திரி ஷிப்ட். இதே பிழைப்பில் கண் எரிகிற உங்களுக்கு இவை புதிதாக இருக்காது.

விடமாட்டேன் என்றது

செல்வராணி அக்காவுக்கு மணமேல்குடியில் இறால் வைக்கிற கோல்டு ஸ்டோரேஜ் இருக்கிறது. அங்கே கேட் கேமராவில் படம் விட்டு விட்டு வந்தது. கேமராவின் மாட்யூலைக் கழற்றி மாட்டினால் சரியாகும். ஒரு சாயங்காலம் கழற்றப் பார்த்தால், ‘உபயோகத்தில் இருக்கிறது’ என்று கெர்னல் மறுத்துவிட்டது. யாராவது பிடித்திருக்கிறவரை அது விடாது. வாட்ச்மேன் மரியதாஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, ஸ்கிரீனில் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளிய கொசு பிடுங்குதுங்க. அதான் உள்ளயிருந்தே காவல் காக்குறேன்.”

பஸ்ஸில் போன ஒரு வரி

என்னோடு வேலை பார்க்கும் திவ்யா திருச்சியில் இருக்கிறாள். அதே கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் வழியாக நுழைந்தவள், அந்த நெட்வொர்க்கின் மாட்யூலையே கழற்றிவிட்டாள். போன வழி அடைபட்டுவிட்டது. திரும்ப மாட்ட ஆள்தான் நேரில் போக வேண்டும். மறுநாள் மணமேல்குடியிலிருந்து பேசினாள்.

“இவ்ளோ தூரம் வந்து ஒரே ஒரு வரி அடிச்சேண்ணே. அடுத்த பஸ்ஸுல திரும்புறேன்.”

வளைகாப்பு

அதிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். நெட்வொர்க் மாட்யூலைக் கழற்றும் முன், ‘ஐந்து நிமிடத்தில் நீயே மாட்டிக்கொள்’ என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி வைத்துவிடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் தூக்கத்திலிருந்து அக்கா எழுப்பினார். ஆவுடையார்கோவிலில் மகளுக்கு வளைகாப்பு. மரியதாஸ் அண்ணனும் விருந்துக்கு வந்துவிட்டதால் கோல்டு ஸ்டோரேஜ் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே குளிர் எவ்வளவு என்று அவர் போனுக்கு வரவேண்டிய மெசேஜ் காலையிலிருந்து அரைகுறை.

“லோடு நெறைஞ்சு கெடக்கு தம்பி. கெளம்பிப் போயிப் பாத்துரவா?”

“கொஞ்சம் பொறுங்கக்கா.”

கம்ப்யூட்டரிடம் சொல்லி வைத்தேன், நெட்வொர்க் மாட்யூலைக் கழற்றினேன். மெசேஜ் சுத்தமாக நின்றது. அக்கா போனை வைக்கவில்லை. அங்கே பெண்களின் சிரிப்பு. “நேரம் போகுது, பெத்தவளைக் கூப்பிடுங்கடி” என்று யாரோ அதட்டினார்கள். கார் கதவு திறக்கிற சத்தமும் கேட்டது. ஐந்து நிமிடம் எவ்வளவு நீளமென்று உங்களுக்குத் தெரியாதா என்ன? பிறகு கதவு சாத்துகிற சத்தம். அக்கா வண்டிக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

“மைனஸ் பதினெட்டுன்னு வந்துருச்சு தம்பி. போனை வையி, புள்ளைக்கு வளையல் போடப் போறேன்.”

சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காத வேலை இது. அந்த ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமும் தூக்கமின்மையும்.