துலாபாரத்தில் மிஞ்சிய வெல்லம்

திங்கட்கிழமை காலை சென்னையிலிருந்து சுப்பையா சாரின் மகள் அழைத்தாள். "மாமா, அப்பா போயிட்டாங்க." அங்கேயே தகனம் என்றாள். போனை வைத்த பிறகு யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. இப்படிப்பட்ட செய்தியை நான் முதலில் சொல்லும் ஆள் அவர்தான்.

திருமயம் பக்கத்துப் பள்ளியில் அவர் இயற்பியல், நான் வரலாறு. ஓய்வு பெற்ற பிறகும் ஒரே தெரு. அவருக்கு மனைவி தவறிவிட்டார். நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பருத்த உடம்பு, ஊருக்கே கேட்கும் சிரிப்பு அவருக்கு. ஒருமுறை ஆசிரியர் அறையில் வம்புக்கு இழுத்தேன்.

"நிலாவுல நம்ம எடை ஆறுல ஒரு பங்குதான்னு சொல்றீங்க. அங்கிட்டுப் போயி துலாபாரம் குடுத்தா வெல்லம் மிச்சமாகுமே?"

"வெல்லத்துக்கும் அதே கதிதானே சார்! எடைங்கிறது தரை நம்மள இழுக்குற இழுப்பு. எடத்துக்கு எடம் மாறும். நிறைங்கிறது ஒங்க ஒடம்புல உள்ள சரக்கு. எங்க போனாலும் மாறாது. ஒரு துண்டு வெல்லம்கூட மிஞ்சாது."

போன வருடம் அவருக்கு வயிற்றில் கட்டி. மதுரையில் அறுவை சிகிச்சை. உயிரோடு திரும்பினால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக வேண்டிக்கொண்டேன். திரும்பினார். அவருடைய பழைய உடம்பை மனதில் வைத்து இரண்டு மூட்டை வெல்லத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரோடு கோயிலுக்குப் போனேன்.

முதல் மூட்டை தீர்வதற்குள்ளேயே அவர் தட்டு மேலே எழும்பிவிட்டது.

"என்னய்யா தராசு வச்சிருக்கீங்க!" என்று கோயில்காரர் மீது பாய்ந்தேன்.

சார் தட்டில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "அவர வையாதீங்க சார். தராசு சரியாத்தான் இருக்கு. நிலாவுக்குப் போயிருந்தா எடை மட்டுந்தான் கொறஞ்சிருக்கும். எனக்குக் கொறஞ்சது நிறை. பாதி ஆளு போயாச்சு."

"வாயக் கழுவுங்க!" என்று அதட்டினேன். அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மகள் வந்து அழைத்துப் போனாள். "வாரேன் சார்" என்றுதான் காரில் ஏறினார். அதன் பிறகு மாலைத் தேநீர் குடிக்க எனக்குத் துணையில்லை.

சார், பிரிக்காத அந்த மூட்டை என் சமையலறையில் கிடக்கிறது. உங்களில் குறைந்துபோனது ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். எறும்பு மொய்க்கிறதே என்று இன்று நகர்த்திவைக்கப் பார்த்தேன். ஒற்றை ஆளாக என்னால் தூக்க முடியவில்லை. போய் வாருங்கள்.