சிரிப்புப் படம் இருக்காக்கா

கடலூரில் இன்று ரத்தப் பரிசோதனைக்காக நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்ததும், சிதம்பரத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த ஸ்டெல்லா அக்காவின் வாடகை சிடி கடை நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். கீறல் விழுந்த சிடிகளை அக்கா ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பார், பின்னால் டேபிள் ஃபேன் கடகடக்கும், காலேஜ் பசங்கள் வாசலை அடைத்துக்கொண்டு சண்டைப் படம் கேட்பார்கள், நான் நடுவே தலையை நுழைத்து, "சிரிப்புப் படம் இருக்காக்கா?" என்பேன்.

எனக்குப் பத்து வயது. தம்பி பிறந்து மூன்றாம் நாளே இறந்துபோனதிலிருந்து அம்மா சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். அந்தக் கோடை லீவு முழுக்க, தினமும் மத்தியானம் ஒரு படத்தைப் போட்டுவிட்டு, டிவியைப் பார்க்காமல் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு, அது ஒருமுறையாவது சிரிப்பில் குலுங்காதா என்று காத்திருந்தேன். குலுங்கவில்லை. காலேஜுக்கும் லீவு விட்டு ஊரே காலியானபோது, நான் எடுக்காத சிரிப்புப் படம் கடையில் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"ரொம்பக் கீறல்டி. ஓடுனா உன் அதிர்ஷ்டம்," என்று சொல்லித்தான் அக்கா கொடுத்தார்.

பெண் பார்க்க வந்த ஒருவன் கிணற்றுக்குள் விழுந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. பாவாடையில் துடைத்துத் துடைத்துப் போட்டும் ஓடவில்லை. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நான் அழ ஆரம்பித்தேன்.

"அப்புறம் அவன் வெளிய வந்தானா?" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

எனக்குத் தெரியாது. "வந்துட்டாம்மா," என்று சொல்லி, மீதிக் கதையை நானே சொல்ல ஆரம்பித்தேன்.